விறகுக்குப் பின்னால் ஒரு நெற்று

தேங்காய்ப்பால் இப்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் வருகிறது. மருமகள் வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். மூலையைக் கத்தரித்துச் சட்டியில் கவிழ்த்தால் தீர்ந்தது வேலை. நல்லதுதான், என் மணிக்கட்டை வைத்துக்கொண்டு இனி ஒரு மூடித் தேங்காய்கூடத் துருவ முடியாது. இருந்தும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இதெல்லாம் ஒரு பாலாம்மா?" என்பேன். "அத்தை ஆரம்பிச்சிட்டாங்க" என்று அவள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். ஒரே ஒரு தேங்காய்க்காக எங்கள் வீட்டில் ஏழு வருஷம் என்ன கூத்து நடந்தது என்று அவளுக்கு எங்கே தெரியப் போகிறது!

இப்போது நான் இருப்பது மலாக்காவில், புக்கிட் காதிலில், வரிசை வீடு. வாசல் முழுக்க வழவழவென்று கல் பதித்திருக்கிறார்கள். மண் என்று பார்த்தால் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் இருப்பதுதான். நான் வளர்ந்தது காஜா பேராங்கில். அதுவும் டவுன்தான். மணிக்கூண்டுக்கு சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எங்கள் சந்துக்குள் திரும்பிவிட்டால் டவுன் அதோடு சரி. அத்தாப்பு ஓலைக் கூரை, கிணறு, ரெண்டு கறவை மாடு, அதற்கொரு கொட்டகை, பின்னால் சேற்றுநிலம் தொடங்கும்வரை காய்கறிப் பாத்தி. நிலம் பக்கத்து வீட்டு அம்மாவுடையது. அவர் மலாக்கா செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. சாரோங் கட்டி, கெபாயா போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். பேசுவது மலாய். நடுநடுவே 'சாமி', 'பூசை' என்று நம்முடைய சொல் வந்து விழும். நாங்கள் அவரை மாச்சிக் என்று கூப்பிடுவோம், மலாய்க்காரர்கள் அத்தை, சித்தியைக் கூப்பிடுவது போல. அந்தச் சந்துக்கே பிரசவம் பார்க்கிறவரும் அவர்தான்.

அப்பா பண்டார் ஹிலிரில் நகராட்சிப் புல்வெட்டி. கடற்கரையோரத் திடலில் புல் வளர்ந்தால் அது அவருடைய பொறுப்பு. வெட்டிய புல்லைக் கோணிச்சாக்கில் திணித்து, சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் சாக்கு மட்டும் தானாக உருண்டு வருவது போலிருக்கும். அந்தப் புல்லைத்தான் எங்கள் மாடுகள் தின்றன. வெள்ளைக்காரத் துரைகள் நடந்த புல், சாயங்காலம் எங்கள் வீட்டில் பாலாக மாறும் என்று அம்மா கேலி செய்வாள். சுதந்திரத் தேதியை அந்தத் திடலில்தான் அறிவித்தார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்க அப்பா பல் துலக்கக்கூட நேரமில்லாமல் வெட்டினார். கூட்டம் கலைந்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சுதந்திரம் வருதோ இல்லையோ, என் புல்லு போச்சு!"

அந்த வீட்டு வேலை இருக்கிறதே, அதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அய்யோ பாவம் என்பார்கள். பாவமாவது மண்ணாங்கட்டியாவது! விடியுமுன் அம்மா சாணி அள்ளுவாள். நான் கிணற்றில் இறைப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் தரையை மெழுகுவோம். அம்மா சுவரோரத்தில் ஆரம்பித்து அரைவட்டம் அரைவட்டமாகக் கையை வீசிக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவாள். நான் வாளியோடு அவளுக்குப் பின்னால். வாசலுக்கு வந்து சேரும்போது ரெண்டு பேரும் வெளியே நிற்போம், வீடு உள்ளே ஈரமாக மினுங்கும். காயும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த அரைமணி நேரம் அம்மா ஒன்றும் செய்யாமல் நிற்பாள். வீட்டை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே, "நல்லாருக்குல்ல?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு இப்போது அந்த அரைமணி நேரம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கை முழுக்க சாணி வாசனையோடு அவள் பக்கத்தில் நின்று, "நல்லாருக்கும்மா" என்று சொல்ல வேண்டும்.

இத்தனை பாடுபட்ட வீட்டில் ஒரு வினோதச் சட்டம் இருந்தது. அப்பா போட்டது. வருஷத்துக்குள் முடிகிற பயிரைத்தான் வைக்கலாம். கீரை, வெண்டை, கத்தரி, மரவள்ளி எல்லாம் சரி. மரம் கூடாது. தரைக்கு சிமெண்டும் கூடாது. "நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்? ஊருக்குப் போறவனுக்கு எதுக்கு மரம்?" என்பார். அவர் மீசை முளைக்கிற வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறியவர். கட்டிலுக்கு அடியில் பச்சை பெயின்ட் அடித்த தகரப்பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அதில் ரெண்டு வேட்டி, ஒரு பித்தளைச் சொம்பு, அவரை எடுத்து வளர்த்த அக்காவுக்கு வாங்கிய கத்தரிப்பூ நிறப் புடவை, மேலே பாச்சை உருண்டை. மாடு மட்டும் எப்படி என்று கேட்டால், "மாட்டை வித்துட்டுப் போலாம், மரத்தை வித்துட்டுப் போக முடியுமா?" என்று மடக்குவார்.

அம்மா பிறந்தது இங்கேதான், எஸ்டேட் லயத்தில். அவளுக்கு 'ஊர்' என்றால் காஜா பேராங்தான். லயத்து வீடு துரையுடையது, எந்த நாளும் காலி பண்ணச் சொல்லலாம் என்று வளர்ந்தவள். ஓர் இடத்தில் ஒரு மரத்தை நட்டு, அது காய்க்கிறதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வெறி. நேரடியாகச் சண்டை போட மாட்டாள். முருங்கைக் கிளையை ஊன்றிவிட்டு, "வேலிக்குங்க" என்பாள். கறிவேப்பிலைக் கன்று தலைகாட்டியபோது அப்பா முறைத்தார். "நானா வெச்சேன்? காக்கா போட்ட விதை" என்றாள். பப்பாளிக்கும் காக்கா. எலுமிச்சைக்கும் காக்கா. "அது என்ன காக்காடி, வரிசை பிடிச்சுப் போடுது!" என்று அப்பா கத்துவார். கத்துவாரே தவிரப் பிடுங்க மாட்டார். ஆனால் அம்மா ஆசைப்பட்டது தென்னை. ஆறு ஏழு வருஷம் காத்திருந்தால்தான் அது காய்க்கும். தென்னையை வைத்துவிட்டால் இருக்கப்போகிறோம் என்று அர்த்தம். அதற்குக் காக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே!

எனக்குப் பத்து வயது நடந்தபோது அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். நாலு மாசம் இருக்கும். அப்பாவின் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா வாசலில் நின்று வாசித்தார். உடம்பு முன்னைப்போல் இல்லை, உன் முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும், நம் வீடு உனக்காகத்தான் பூட்டாமல் கிடக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடு. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார். "புள்ள பொறக்கட்டும். தொண்ணூறு நாள் ஆனதும் கப்பல்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று தண்ணீரில் களைய வேண்டிய அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் களைந்தாள்.

மறுநாள் மாச்சிக் வீட்டிலிருந்து ஒரு முற்றின தேங்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொட்டகை ஓரம் விறகு அடுக்கியிருக்கும். அதற்குப் பின்னால் மண்ணைக் கீறி அம்மா அதைப் பாதி புதைத்து வைத்தாள். முளைக்கப் போட்ட நெற்று. நான் பார்த்துவிட்டேன். "அப்பாகிட்ட மூச்சு விட்டே, வாயில சூடு வெப்பேன்" என்றாள். அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு காதில் சொன்னாள். மாச்சிக் வழக்கத்தில் பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் கழுவிப் புதைத்து, அந்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நடுவார்கள். அது அந்தப் பிள்ளையுடைய மரம், யாரும் கை வைக்கக் கூடாது. "காக்காதான் தேங்கா போடாது. மாச்சிக் போடலாம்ல?"

மாசம் ஏற ஏற அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. குனிய முடியவில்லை. நெற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் ஊற்றவே இல்லை. ஆரம்பத்தில் ரெண்டு நாள் ஊற்றியிருப்பேன். பிறகு சந்துப் பிள்ளைகளோடு நொண்டி ஆடப் போய்விடுவேன். "ஊத்திட்டியாடி?" என்று அம்மா கேட்டால், "ஊத்திட்டேம்மா" என்று கூசாமல் சொல்வேன். எப்போதாவது பயந்துபோய் எட்டிப் பார்த்தால் மண் ஈரமாகத்தான் இருக்கும். கூரைத் தண்ணீர் சொட்டுகிறது போல என்று நினைத்துக்கொண்டு திரும்ப ஆடப் போவேன். நெற்று முளைவிட்டு, ஈட்டி மாதிரி ஓர் இலையும் விட்டுவிட்டது.

தங்கச்சி ஒரு காலை வேளையில் பிறந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாச்சிக் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, நஞ்சுக்கொடியை மஞ்சளும் உப்பும் போட்டு வெள்ளைத் துணியில் சுற்றினார். வீட்டுக்கு வலதுபக்கம் குழி தோண்டிப் புதைத்தார். அதன்மேல் அந்தத் தென்னம்பிள்ளையை நட்டு மண்ணை மிதித்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா வந்து புல்மூட்டையை இறக்கினார். உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தார். வெளியே வந்தவர் தென்னம்பிள்ளையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நேரே கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக அம்மா பாயிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை. மாச்சிக் துணி அலசிக்கொண்டிருந்தவர், ஈரக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்துக்கும் அப்பாவுக்கும் நடுவே வந்து நின்றார். "டியா பூஞா" என்றார். இது அவளுடையது. அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "டியா பூஞா!" என்று மாச்சிக் இன்னும் உரக்கச் சொன்னார். அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் எங்கிருந்தோ மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து, மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டினார். "மாடு தின்னுடும்" என்றார், யாரும் கேட்காமலே.

தொண்ணூறு நாள் ஆனது. கப்பல் பேச்சு வரவில்லை. குழந்தை சின்னது, கொஞ்சம் வளரட்டும் என்று அக்காவுக்கு எழுதினார். அடுத்த கடிதத்திலும் அதையேதான் எழுதினார். குடியுரிமைக்குப் பள்ளிக்கூடத்தில் பதிகிறார்கள் என்று சந்தே கிளம்பிப் போன நாளில், தாமும் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு மூட்டை சிமெண்ட் சைக்கிளில் இருந்தது. அம்மா அன்றைக்குப் பாடிக்கொண்டே பால் கறந்தாள். ஜெயித்துவிட்டாள் இல்லையா!

தங்கச்சிக்கு மூன்று வயது ஆகும்போது அந்தக் கடிதம் வந்தது. அப்பாவின் அக்கா போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகிவிட்டிருந்தது. கடைசிவரை வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாராம். அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். அழவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் படையல் போட்டபோது தகரப்பெட்டியைத் திறந்து அந்தக் கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்து விளக்கு முன்னால் வைத்தார். படைத்த புடவையை வீட்டுப் பொம்பளை எடுத்துக் கட்ட வேண்டும், அதுதான் முறை. கட்டினால் போனவர்கள் மனசு குளிர்ந்து ஏற்றுக்கொண்டார்கள் என்பது கணக்கு. அப்பா புடவையை நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை. "எனக்கு இந்தக் கலரு ஒத்துக்காதுங்க" என்றாள். அப்பா மடிப்புக் கலையாமல் மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். வேலையில் குறை வைக்க மாட்டாள், ஆனால் தென்னைப் பக்கம் திரும்ப மாட்டாள். கிணற்றுக்குப் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். ஒருநாள் மாச்சிக்கிடம் மலாயில் சொல்லி அழுததைக் கேட்டேன். "நான்தான் அவர் காலைக் கட்டிப்போட்டேன். ஒரு தடவை முகத்தைப் பார்க்கணும்னு கெஞ்சினாங்க. நான் தேங்காயை வெச்சு ஏமாத்திட்டேன்." அந்தச் சதியில் நானும்தானே கூட்டு.

இன்றைக்கு அங்கே போனால் ஒரு அடையாளமும் கிடைக்காது. மாச்சிக் காலத்துக்குப் பிறகு நிலம் கைமாறி, ரெண்டு மாடி வீடுகளாக எழும்பிவிட்டது. தங்கச்சி புக்கிட் ரம்பாயில் இருக்கிறாள். போன் பண்ணினால், "என் மரம் எந்த இடத்துலக்கா இருந்துச்சு?" என்று இன்றும் கேட்பாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மகனை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வேன். எந்த வீட்டுச் சமையலறைக்கு அடியில் அது இருக்கிறது என்று தேடுவேன். ஏங்குகிறேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மரம் ஏழாம் வருஷம் காய்த்தது. முதல் குலையில் தேறினது ரெண்டே ரெண்டு. அப்பா கொக்கிக் கத்தியால் இழுத்துப் பறித்து, மட்டையுரித்து, சமையல்கட்டில் கொண்டுவந்து வைத்தார். தங்கச்சி தன் மரம் என்று குதிக்கிறாள். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"பாயசம் வெய்யி, புள்ள."

"கோயில்ல குடுத்துடுங்க."

"ரெண்டு காய்தானே. ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு நமக்கு."

"எனக்கு வேணாம்னா விடுங்களேன்!"

அப்பா ஒரு காயைக் கொல்லைக் கல்லில் தட்டி உடைத்தார். துருவுபலகையை இழுத்துப் போட்டுத் தாமே உட்கார்ந்து துருவ ஆரம்பித்தார். அதுவரை அந்த மனிதர் சமையல்கட்டில் சோற்றுத்தட்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பூவாக விழ வேண்டிய தேங்காய் பட்டை பட்டையாக விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள். அப்படியே உடைந்துவிட்டாள்.

"மாச்சிக் நட்டதுன்னு நெனச்சிட்டிருக்கீங்க. நான்தாங்க நட வெச்சேன். விறகுக்குப் பின்னால மாசக்கணக்கா ஒளிச்சு வெச்சு நான்தான் முளைக்க வெச்சேன். உங்களைப் போக விடாமப் பண்ணினது நான். உங்க அக்கா கண்ணு மூடுறப்ப நீங்க இல்லாமப் போனது என்னாலதான்."

அப்பா துருவுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"அந்த நெத்துக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

அம்மா என்னைக் கை காட்டினாள். "இவதான்."

"இவளா?" அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பதினேழு வயது, தாவணி போட்ட பெண். இருந்தும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "இவ நொண்டி ஆடப் போயிடுவா. புல்லுமூட்டையை இறக்குறப்பப் பார்த்தேன், நெத்து காஞ்சு கெடந்துச்சு. மாட்டுத் தொட்டியிலேருந்து தெனம் ஒரு குவளை நான்தான் ஊத்துனேன்."

அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அப்புறம் எதுக்கு மண்வெட்டியத் தூக்கிட்டு வந்தீங்க?"

"அந்தம்மா மேலாக நட்டிருந்துச்சு. காத்தடிச்சா சாஞ்சிடும். ஆழமாத் தோண்டி நடலாம்னு எடுத்தேன். எங்க பேச விட்டுச்சு, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை நின்றுவிட்டது. "எனக்குப் போக மனசு வரல, புள்ள. வரலேன்னு அக்காவுக்கு எழுதவும் கை வரல. நீ விறகுக்குப் பின்னால வெச்சதப் பார்த்ததும், சரி, இதைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு இருந்துட்டேன். அக்கா முகத்தைப் பாக்காம விட்டது நான். அதை நீ தூக்கிச் சொமக்காத."

அவருடைய அக்காவுக்காக அப்பா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். துருவுபலகையில் உட்கார்ந்தபடியே, தேங்காய் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அடப் பாவி மனுஷா!" அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாலு வருஷமா என்னை வேக விட்டுட்டு, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? எழுந்திரிங்க முதல்ல! ஓட்டோட சேர்த்துத் துருவி வெச்சிருக்கீங்க!" அவர் கையிலிருந்து மூடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் ஒன்று விழுந்தது, முதுகில். "ஊத்திட்டேம்மான்னு என்னமா சொன்னே!"

பாயசம் வைத்தாள். அந்தப் பாலின் ருசியை நான் இப்போது எந்தப் பெட்டிக்குள் போய்த் தேட?

சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்கு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கத்தரிப்பூ நிறப் புடவை. இத்தனை வருஷத்து மடிப்பு குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தது, வாசல்வரை பாச்சை உருண்டை நெடி. அதைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா புல்மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"அக்காவுக்கு இந்தக் கலரு ரொம்பப் பொருந்தியிருக்கும்" என்றார்.

"எனக்கு?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அப்பா மூட்டையை இறக்கினார். மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டுகொண்டு போய் மரத்தடியில் ஊற்றினார். ஏழு வருஷத்து மரத்துக்கு அந்த ஒரு குவளை எந்த மூலைக்கு?